மோர்பின், ட்ராமடோல் எடுப்பவருக்கு நித்திரைக் கசாயம் கொடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலிருந்தோ, கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகளிலிருந்தோ ஒருவர் மோர்பின் குளிசையோடு வீட்டுக்கு வருகிறார். நோவு அடங்குகிறது. ஆனால் இரவில் நித்திரை சரியாக வருவதில்லை, மனமும் அலைகிறது. பக்கத்து வீட்டுப் பெத்தா சாதிக்காய் உரைத்துப் பாலில் கொடுக்கச் சொல்கிறார். பரிகாரியார் ஒரு சூரணம் கட்டித் தருகிறார். கனடாவில் இருக்கும் மருமகன் நித்திரைக்கு நல்லதென்று ஒரு போத்தல் கப்சூல் அனுப்புகிறார். மூவரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமும் யாரும் வாய் திறப்பதில்லை.

நான் நாட்டு மருந்துக்கு எதிரியல்ல. கிழக்கில் தலைமுறை தலைமுறையாக முறிவு நெரிவுக்கும் காய்ச்சலுக்கும் கைகொடுத்த வைத்தியம் அது. மோர்பினுக்குப் பயப்படுபவனும் அல்ல. புற்றுநோயின் நோவில் துடிக்கும் ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் விடுவதுதான் கொடுமை என்று நினைக்கிறேன். பிரச்சினை இரண்டையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே உடலுக்குள் போடுவதில் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது இதுதான். மோர்பின், கோடீன், ட்ராமடோல், பெந்தனைல் போன்ற அபின் வகை மருந்துகள் நோவைக் குறைப்பதோடு, மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியையும் கொஞ்சம் மந்தப்படுத்தும். டொக்டர் அளவை மெல்ல மெல்லக் கூட்டும்போது உடல் பெருமளவு பழகிக்கொள்ளும். அதனால்தான் பலர் மாதக்கணக்கில் மோர்பின் எடுத்தும் ஒழுங்காக மூச்சு விடுகிறார்கள். நித்திரை தரும் மூலிகை இன்னொரு வழியால் மூளையை மந்தப்படுத்துகிறது. அதற்கு அந்த உடல் பழகியிருக்காது. இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் மயக்கம் கூடும், அதன் பின்னாலேயே மூச்சும் குறையும். 2016 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அபின் வகை மருந்தோடு நித்திரைக் குளிசைகளையும் மூளையை மந்தப்படுத்தும் வேறு மருந்துகளையும் சேர்ப்பது பற்றித் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துப் பெட்டிகளோடு வரும் தாள்களில் போட வைத்தது. மூலிகை என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

சரி, வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: கையில் இருப்பது அபின் வகைக் குளிசையா என்று பாருங்கள்

மோர்பின் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது ட்ராமடோலும் கோடீனும்தான். முதுகு நோவு, விபத்துக் காயம், சத்திரசிகிச்சை என்று பலருக்கும் ட்ராமடோல் எழுதப்படுகிறது. வீட்டில் அதைச் சாதாரண நோவுக் குளிசையாகவே நினைப்பார்கள். பரசிட்டமோலோடு கோடீன் கலந்த குளிசைகளும் உண்டு. பனடோலும் பனடீனும் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. சில இருமல் பாணிகளிலும் கோடீன் இருக்கும். தோலில் ஒட்டும் பெந்தனைல் பட்டியை மருந்தென்றே பலர் எண்ணுவதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பலமானது அதுதான்.

மருந்துத் துண்டையும் குளிசை அட்டையையும் எடுத்துக்கொண்டு பாமசிக்குப் போய், "இது அபின் வகையா?" என்று நேரே கேளுங்கள். அப்படியே, நித்திரை வரவைக்கும் வேறு குளிசைகளும் அந்தத் துண்டில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பிரீகபலின், கபபென்டின், அமிட்ரிப்டிலின், குளோனசிபாம், சளிக்குக் குடிக்கும் பிரிட்டன் (Piriton) குளிசை எல்லாம் அந்தக் கூட்டத்தில் அடங்கும். டொக்டர் எழுதியதிலேயே நித்திரைப் பாரம் போதுமான அளவு இருக்கலாம். மூலிகை அதன் மேல் ஏறும்.

படி 2: வீட்டில் உள்ள மருந்தெல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள்

கசாயப் பொட்டலம், சூரணம், லேகியம், அரிஷ்டப் போத்தல், எண்ணெய், வெளிநாட்டுக் கப்சூல் என்று ஒன்றும் விடாமல் எடுங்கள். நோயாளியின் தலையணைக்குக் கீழேயும் பாருங்கள். வாப்பாவோ அம்மாவோ பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வாங்கி வைத்திருப்பது அங்கேதான் இருக்கும். அதற்காகக் கோபப்படாதீர்கள். ஒருமுறை ஏசிவிட்டால் அடுத்தமுறை இன்னும் பத்திரமாக ஒளித்துவிடுவார்கள்.

ஒவ்வொன்றின் பெயரையும், யார் தந்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாத பொட்டலத்துக்கு "பெயர் தெரியாத சூரணம்" என்றே எழுதுங்கள். அதுவும் டொக்டருக்கு ஒரு தகவல்தான்.

படி 3: எது சாப்பாடு, எது மருந்து, எதைத் தொடவே கூடாது

இந்த இடத்தில்தான் அதிகம் நிதானம் வேண்டும். கறியில் போடும் மிளகு, மஞ்சள், உள்ளி, வல்லாரைச் சம்பல், மல்லித் தண்ணி இவற்றையெல்லாம் நிறுத்தி நோயாளியின் வாய்ருசியைக் கெடுக்கத் தேவையில்லை. சமையல் அளவு சாப்பாடு. அதே வல்லாரையைச் செறிவாக்கிக் கப்சூலில் அடைத்தால் அது மருந்து. கேள்வி கேட்க வேண்டியது அங்கேதான்.

அமுக்கிராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. இரவில் பாலில் கலந்து குடித்தால் நித்திரை வரும் என்பது உண்மை. அந்த உண்மைதான் மோர்பினோடு சேரும்போது ஆபத்தாகிறது. தைரொயிட் குளிசை எடுப்பவர்களும், ஈரல் பழுதானவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சடாமாஞ்சிலும் நீர்ப்பிரமியும் இதே வரிசைதான். டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சாதிக்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் கை முதலில் போவது அதற்குத்தான். வட்டிலப்பத்தில் தூவும் சிட்டிகையால் ஒன்றும் ஆகாது. ஒரு முழுக்காய் 5 கிராம் அளவில் இருக்கும். அந்த அளவு உள்ளே போனாலே தலைசுற்று, நெஞ்சுப் படபடப்பு, குழப்பம், நீண்ட மயக்கம் வரக்கூடும். இன்னொரு சிக்கல், அது வேலை செய்யத் தொடங்கவே 3 முதல் 6 மணித்தியாலம் எடுக்கும். ஒன்பது மணிக்குக் கொடுத்து, பத்து மணிக்கும் நித்திரை வரவில்லையே என்று மறுபடி உரைத்துக் கொடுப்பார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். வீட்டில் எல்லோரும் உறங்கும் நேரம் அது.

சர்ப்பகந்தா வேரில் ரிசர்பின் என்ற பொருள் உண்டு. அது இரத்த அழுத்தத்தை இறக்கும், மந்தமும் தரும். மோர்பினும் எழும்பும்போது அழுத்தத்தைக் குறைக்கக் கூடியது. இரவில் சலம் கழிக்க எழும்பிய முதியவர் விழுந்து தொடை எலும்பு முறிவதற்கு இது போதும். ஊமத்தை சேர்ந்த மருந்து எந்த வடிவிலும் வேண்டாம். அது புத்தியைக் குழப்பும், சலத்தை அடைக்கும், மலத்தை இறுக்கும். பின்னிரண்டையும் மோர்பின் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்.

லேகியம், உருண்டை வகைகளில் சிலவற்றில் கஞ்சா சேர்மானம் இருக்கும். இலங்கையில் உரிமத்தோடு மருந்துக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. உரிமம் இல்லாமல் விற்பதும் நடக்கிறது. "பசி எடுக்கும், நோவு போகும், நல்லா நித்திரை வரும்" என்று மூன்றையும் ஒரே உருண்டைக்குச் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று விடாமல் கேளுங்கள். நம்மூர்ப் பலூடாவில் மிதக்கும் கசகசா துளசி இனத்து விதை, அதற்குப் பயமில்லை. இந்தியச் சமையலிலும் யூனானி மருந்திலும் வரும் வெள்ளைக் கசகசா அபின் செடியின் விதை. அதை அரைத்துக் கஞ்சியாகக் குடிக்க வேண்டாம்.

அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் மதுசாரம் இருக்கும், பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை. கள்ளோ சாராயமோ தொடாத மனிதரும் அரிஷ்டத்தோடு மதுசாரம் எடுத்துக்கொண்டிருப்பார். மெதுவாகக் கரையும்படி செய்த மோர்பின் வகைகள் சிலவற்றை மதுசாரம் வேகமாகக் கரைத்துவிடும். அப்போது 12 மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கும்.

நித்திரையோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். காய்ச்சல், சளிக்குக் குடிக்கும் வெனிவெல், அதாவது மரமஞ்சளில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. கோடீனையும் ட்ராமடோலையும் வேலை செய்யும் நிலைக்கு மாற்றுகிற ஈரல் நொதியை அது தடுக்கக் கூடியது. ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகிவிடாது. நாட்கணக்கில் திக்காகக் காய்ச்சிக் குடித்தால் நோவுக் குளிசை பலிக்காததுபோல் இருக்கலாம். அப்போது குளிசையைக் கூட்டாதீர்கள். வெனிவெல்லை நிறுத்தும் நாளில் கூட்டிய குளிசை முழுப் பலத்தோடு வேலை செய்யும்.

வெளிநாட்டிலிருந்து வரும் போத்தல்களில் வலேரியன், காவா, மெலடோனின் இருந்தால் அவையும் நித்திரைப் பாரம்தான். சென் ஜோன்ஸ் வோர்ட் என்று இருந்தால் ஒதுக்கி வையுங்கள். ட்ராமடோலோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், தசை இறுக்கம், வலிப்பு வரை போகலாம். பெந்தனைலின் பலனையும் அது குறைத்துவிடும். கிராட்டம் என்றால், அதுவே அபின் வகைபோல வேலை செய்யும் இலை. கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அதையும் விடுங்கள். கற்பூரமும் வலிப்பைத் தூண்டும், ட்ராமடோலும் தூண்டும்.

பெந்தனைல் பட்டி ஒட்டியவருக்கு இன்னொரு கவனம் வேண்டும். பட்டி ஒட்டிய இடத்தில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கவோ, வேது பிடிக்கவோ வேண்டாம். சூட்டில் தோல் வழியாக மருந்து அதிகமாக இறங்கும். கடும் காய்ச்சல் வந்தாலும் இதுதான் நடக்கும். உடனே கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

படி 4: "ரெண்டு மணித்தியாலம் விட்டுக் குடுத்தாச் சரி" என்பதை நம்பாதீர்கள்

நம் பகுதியில் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். "இங்கிலீசு மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் இடைவெளி விட்டாச் சரி மனே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரைப்பையில் ஒன்றோடொன்று ஒட்டி உறிஞ்சப்படாமல் போகும் மருந்துகளுக்கு இந்தப் பேச்சு சரி. மயக்கத்துக்கு இது எடுபடாது, ஏனெனில் இவை சந்திப்பது வயிற்றில் அல்ல, மூளையில்.

சாதாரண மோர்பின் குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 12 மணித்தியாலம். பெந்தனைல் பட்டியை 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கழற்றிய பின்பும் இரத்தத்தில் அதன் அளவு பாதியாக இறங்க 17 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகும். இதற்குள் எந்த இரண்டு மணித்தியாலத்தைத் தேடிப் பிடிப்பது?

படி 5: யாருக்கு இரட்டிப்புக் கவனம்

சிறுநீரகம் பழுதானவர்கள் முதலிடம். மோர்பின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சலத்தோடுதான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சோர்ந்தால் அவை தேங்கி, வழக்கமான அளவே மயக்கத்தைத் தரும். கரையோர ஊர்களில் சலரோகத்தால் சிறுநீரகம் பழுதானவர்கள் நிறையப் பேர். அம்பாறையின் உட்புறத்தில், தெஹியத்தகண்டிப் பக்கம், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்குகிறது. இப்படிப்பட்டவருக்கு மூலிகைச் சேர்மானம் எதுவும் டொக்டரின் சம்மதம் இல்லாமல் கூடாது.

ஈரல் நோய், நாட்பட்ட முட்டு, நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பவர்கள், எழுபதைத் தாண்டிய மெலிந்த உடம்புக்காரர் எல்லோரும் இதில் அடக்கம்.

பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ட்ராமடோலோ கோடீனோ வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கவே கூடாது. பால் கொடுக்கும் தாய் இவற்றை எடுத்தால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். அந்த நேரத்தில் குழந்தைக்கு வசம்பும் சாதிக்காயும் உரைத்து உரைமருந்து வைத்தால், பச்சிளம் உடம்பில் இரண்டும் சேரும். குழந்தை பால் குடிக்கக்கூட எழும்பாமல் கிடந்தால் "நல்ல நித்திரை" என்று விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

படி 6: டொக்டரிடமும் பரிகாரியாரிடமும் சொல்லுங்கள்

"நாட்டு மருந்து எடுக்கிறம் எண்டா டொக்டர் ஏசுவார்" என்ற பயம் எனக்குப் புரிகிறது. சிலர் ஏசவும் செய்வார்கள். அதற்காக விடாதீர்கள். "டொக்டர், அம்மாவுக்கு ராவில நித்திரை இல்ல. அமுக்கிராத்தூள் குடுக்கலாமெண்டு நினைக்கிறம். இந்தக் குளிசையளோட அது சேருமா?" என்று கேட்டால் போதும். கொடுத்து முடித்துவிட்டுச் சொல்வதைவிட, கொடுக்க முன்பு கேட்பது இரு பக்கத்துக்கும் இலகு. கூட்டம் அதிகமென்றால் கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள்.

பரிகாரியாரிடமும் மறைக்க வேண்டாம். "ஐயா, இவர் மோர்பின் குடிக்கிறார்" என்று முதலிலேயே சொன்னால், நல்ல வைத்தியர் நித்திரை தரும் சரக்கைத் தவிர்த்துவிடுவார். முடியுமானவரை ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுள்ள சித்த, யூனானி வைத்தியரிடமோ அரச சித்த, ஆயுர்வேத வைத்தியசாலையிலோ கேளுங்கள். மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்ல மறுப்பவரிடம், எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும், இந்த நோயாளிக்கு மருந்து வாங்காதீர்கள். மூலிகைத் தூள் என்று விற்பதற்குள் ஸ்டீரொயிட்டும் நோவுக் குளிசையும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

அப்புறம், நித்திரை ஏன் வரவில்லை என்று டொக்டரிடம் கேளுங்கள். பாதிப்பேரின் பிரச்சினை இங்கேயே தீரும் என்று நினைக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு நோவில் எழும்புகிறார் என்றால் தேவை நித்திரை மருந்தல்ல, மோர்பின் நேரத்தைத் திருத்துவது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை பின்னேரம் கொடுக்கப்படுகிறதென்றால் அதுவே நித்திரையைக் கெடுக்கும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாலு நாளாக மலம் போகவில்லை என்றால் யாருக்கும் நித்திரை வராது. மோர்பின் தொடங்கிய நாளிலேயே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் உமி வேண்டாம், அது குடலில் இறுகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மோர்பினைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் வயிற்றோட்டம், வேர்வை, நடுக்கம், தாங்க முடியாத நோவு எல்லாம் திரும்பிவரும். இரண்டில் ஒன்றை விடவேண்டுமென்றால், விடவேண்டியது புதிதாகத் தொடங்கிய மூலிகையைத்தான்.

படி 7: டொக்டர் சம்மதித்தால், முதல் சில இரவுகள்

ஒரு நேரத்தில் ஒரு மூலிகை மட்டும், ஆகக் குறைந்த அளவில். மோர்பின் அளவு கூட்டிய வாரத்திலும், புதுக் குளிசை ஏதும் தொடங்கிய வாரத்திலும் அதுவும் வேண்டாம். நோயாளியைத் தனி அறையில் படுக்க வைக்காதீர்கள்.

இரவில் இரண்டு தடவையாவது பாருங்கள். தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லவேண்டும். பேசப் பேச இடையிலேயே உறங்கிப்போனால் அது இயல்பான நித்திரை அல்ல. அடுத்த நேரக் குளிசையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10க்குக் கீழே போனால் எழுப்பிப் பாருங்கள், உதவி தேடுங்கள். 8க்குக் கீழே அவசரம்.

படி 8: எழுப்ப முடியவில்லை என்றால்

உதடும் நகமும் நீலம் பாய்வது, கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்குவது, தொண்டையில் கரகரவென்று நீர் கொப்பளிக்கும் சத்தம். இவற்றைக் கண்டால் யோசிக்க நேரமில்லை. 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள். அது இலவசம், எந்த நேரமும் வரும். படுவான்கரையின் உட்கிராமங்களிலோ வாகரை, பொத்துவில் பக்கமோ இருந்தால் வந்துசேர நேரமாகலாம். எனவே அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள், எதற்கும் ஒரு வாகனத்தையும் சொல்லி வையுங்கள்.

ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தேசிக்காய்த் தண்ணி, புளிக்கரைசல், கோப்பி, ஒன்றுமே வேண்டாம், எல்லாம் நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்க வைப்பதும், தலையில் தண்ணீர் வார்ப்பதும், தூக்கி நடத்துவதும் வேண்டாம். பெந்தனைல் பட்டி ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மூச்சு நின்றுவிட்டால் போனில் இருப்பவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

குளிசை அட்டை, மூலிகைப் பொட்டலம், கிளினிக் கொப்பி மூன்றையும் ஒரே பையில் போட்டு ஆளோடு அனுப்புங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நலொக்சோன் ஊசி போட்டால் அபின் வகையின் மயக்கம் சில நிமிடங்களில் தெளியும். ஆனால் மூலிகையின் மயக்கத்தை அது எடுக்காது. ஊசியின் பலனும் அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். மெதுவாகக் கரையும் மோர்பின் அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். கண் விழித்துப் பேசிவிட்டார் என்பதற்காகத் துண்டில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். டொக்டர் போகச் சொல்லும்வரை வார்டிலேயே வைத்திருங்கள்.